நாளும் மாதமும் இடம் மாறியபோது

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு ‘வரிசை மேடம்’ என்று பெயர் சூட்டிய புண்ணியவான் யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எப்போது நின்றது, உள்ளே எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள், மெக்கானிக் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதெல்லாம் கிளைகளிலிருந்து எக்செல் கோப்புகளாக அவளிடம் வந்து சேரும். அவற்றை ஒன்றாக்கி, ஒழுங்காக்கி, மாதாந்திர ரிப்போர்ட்டாக மேலே அனுப்புவது அவள் வேலை.

ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு தினுசு. ஒருவர் கட்டடத்தின் பெயருக்குப் பின்னால் காரணமே இல்லாமல் நாலு இடைவெளி விட்டிருப்பார். பார்வைக்கு ஒரே பெயர், எக்செலுக்கு அது வேறு கட்டடம். இன்னொருவர் தலைப்பில் மூன்று கட்டங்களை ஒன்றாக்கி, மஞ்சள் பூசி, சுற்றிலும் தடித்த கோடு போட்டு ஜோடித்து அனுப்புவார். வரிசைப்படுத்தப் போனால் எக்செல் முரண்டு பிடிக்கும்.

“சார், நான் படிச்சுப் பாக்கத்தான் கேட்டேன். ஃப்ரேம் போட்டு சுவத்துல மாட்ட இல்ல” என்பாள் போனில். எதிர்முனையில் சிரிப்பார்கள். அடுத்த மாதம் மஞ்சளுக்குப் பதில் பச்சை வரும்.

ஆனால் அவளுடைய பரம விரோதி தேதிதான். சிலர் நாளை முன்னால் எழுதுவார்கள், சிலர் மாதத்தை. தேதியைக் கட்டத்துக்குள் போட்டதும் அது வலப்பக்கம் ஒட்டி நின்றால் எக்செல் அதைத் தேதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. இடப்பக்கம் ஒட்டினால் அது தேதி வேஷம் போட்ட வெறும் எழுத்து. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் இது. “தேதி எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குதுன்னு பாருங்க. மத்தது அப்புறம்.”

வீட்டில் அவளுடைய கணவர் பல் செட் செய்யும் டெக்னீஷியன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பற்களை வார்த்துக் கொடுப்பார். “ஊர்ல பாதிப் பேர் பல்லைக் காட்டிப் பிழைக்கிறான், நான் பல்லைக் கட்டிப் பிழைக்கிறேன்” என்பது அவர் எல்லோரிடமும் விடும் ஜோக். கல்யாணமான புதிதில் அவள் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பிறகு அவர் சொல்ல வாயெடுத்ததுமே “கட்டி, காட்டி, தெரியும்” என்பாள்.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள், ஊசி போட்டுக்கொண்டாள், மாத்திரை விழுங்கினாள், இரண்டு முறை நம்பிக்கை வந்து இரண்டு முறையும் கைவிட்டுப் போனது. கடைசியில் டாக்டரம்மாவே, “உடம்பை இதுக்கு மேல படுத்த வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். இறங்கும் இடம் வந்தபோது அவர்தான், “தத்து எடுத்துக்கலாமா?” என்றார். அவளும் அதையே நினைத்துக்கொண்டு வந்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள்.

தத்தெடுப்பு மையத்தில் பேர் கொடுத்தது நவம்பர் நான்காம் தேதி. விசாரணைக்கு வந்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பிறகு காத்திருப்பு. மையத்தின் இணையப் பக்கத்தில் விண்ணப்ப எண்ணை அடித்தால் வரிசையில் எத்தனையாவது இடம் என்று காட்டும். காலையில் பல் தேய்ப்பதுபோல அது ஒரு பழக்கமானது. நம்பர் ஆமையைவிட மெதுவாக நகரும். சில மாதங்களில் நகரவே நகராது.

அவர்கள் வீட்டில் ஜன்னல் வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. அதில் துணி காயப்போடுவார்கள், இஸ்திரி போடுவார்கள், பழைய சூட்கேஸை வைப்பார்கள். எதை வைத்தாலும் “இது இப்போதைக்குத்தான்” என்று சொல்லியே வைப்பார்கள். எதிர்வீட்டு வாசலில் கிடக்கும் குட்டிச் செருப்புகளை அவள் தாண்டிப் போகும்போது, ஒன்று கவிழ்ந்து கிடந்தால் காலால் நிமிர்த்தி ஜோடி சேர்த்துவிட்டுப் போவாள். யாராவது பார்த்தால் சட்டென்று நடையைக் கட்டுவாள். அவர் பட்டறையில் மிஞ்சிய ரோஸ் நிற மெழுகில் முயல், வாத்து என்று செய்து சட்டைப் பையில் கொண்டுவருவார். “யாருக்கு?” என்று அவள் கேட்டதில்லை. அலமாரி மேல்தட்டில் அவை வரிசையாக நின்றன.

இரண்டாவது வருடத்தில் ஒரு காலை, நம்பரைப் பார்த்தவர் ஈரத் தலையோடு கூடத்துக்கு ஓடி வந்தார்.

“ஏம்மா, இங்க வா. நான் சரியாத்தான் பாக்குறேனா?”

நூற்றுப் பதினெட்டில் நின்றுகொண்டிருந்தவர்கள் ஒன்பதுக்கு வந்திருந்தார்கள்.

“புது சாஃப்ட்வேர் போட்டிருக்காங்களாம். மேல எழுதியிருக்கு பாரு” என்றார். “பழசுல ஏதோ தப்பா இருந்திருக்கும், இப்ப சரி பண்ணிட்டாங்க.”

கேட்பதற்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அன்றைக்கு இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. அவர் லீவு போட்டு அந்தச் சின்ன அறைக்குப் பெயிண்ட் வாங்கப் போனார். அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா அழுதாள், உடனே அழுகையை நிறுத்திவிட்டு, “தொட்டில் வாங்காத, நம்ம வீட்டுது இருக்கு, நானே துடைச்சுக் கொண்டு வர்றேன்” என்று கட்டளை போட்டாள்.

ஒரே ஒரு விஷயம். எந்தக் கோப்பு வந்தாலும் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்காமல் விடாத வரிசை மேடம், இந்த நம்பர் ஏன் இப்படிக் குதித்தது என்று பார்க்கவில்லை. மையம் முழு வரிசையையும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. பெயர் இருக்காது, விண்ணப்ப எண்ணும் வரிசை எண்ணும் தேதியும் இருக்கும். ஒரு சொடுக்கில் இறங்கிவிடும். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

சில வாரங்களில் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. போனார்கள். மைய அதிகாரி ஐம்பதைத் தாண்டிய அம்மாள், மெதுவாகப் பேசுபவர். ஒரு கோப்பைத் திறந்து படத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. ஒரு காலில் சாக்ஸ் இருந்தது. இன்னொரு கால் சாக்ஸ் வாயில் இருந்தது. படம் எடுத்தவர் அதைப் பிடுங்கப் பார்த்திருக்க வேண்டும். புருவத்தைச் சுருக்கி, கொடுக்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்தது.

“பிடிவாதக்காரி” என்றார் அதிகாரி. “யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க. சரின்னா அடுத்து நேர்ல பாக்கலாம்.”

யோசிக்க என்ன இருக்கிறது? கணவர் அப்போதே சொல்லியிருப்பார். அவள்தான் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

அதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்ததும் கணவர் ஏதோ தாளை நகல் எடுக்கக் கீழே போனார். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் வயதே இருக்கும் ஒரு பெண், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவளாம். கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“உங்களுக்கும் நம்பர் பின்னால போயிடுச்சா?” என்று கேட்டாள் கண்ணாடிக் கடைக்காரி.

“இல்லைங்க... பின்னாலயா?”

“நாங்க ஆறாவதா இருந்தோம். ஆறு! இந்த மாசம் கூப்பிடுவாங்கன்னு கடைல சொல்லிக்கூட வச்சுட்டேன். திடீர்னு பாத்தா முந்நூத்துச் சொச்சம். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருதுங்குறாங்க. கம்ப்யூட்டர்கிட்ட நான் எப்படிங்க சண்டை போடுறது?” சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

வரிசை மேடத்தின் வாய் அவளைக் கேட்காமலே கேட்டது: “நீங்க எந்தத் தேதி பேர் குடுத்தீங்க?”

“ஆகஸ்ட் இருபத்தொண்ணு. எங்க வீட்டுக்காரர் பொறந்தநாள். மறக்குமா?”

அதற்கு மேல் அவள் பார்க்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் எழுந்து போன பிறகு, அந்த வரிசையை இறக்கித் திறந்தாள். தேதிப் பத்தியின் அகலத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். மேலே இருந்த தேதிகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நின்றன. கீழே, பாதிக்கு மேல், அத்தனையும் இடப்பக்கம்.

நடந்தது இதுதான். மையத்தில் நாளை முன்னால் எழுதி வைத்திருந்தார்கள். புது சாஃப்ட்வேர் மாதம்தான் முன்னால் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கண்ணாடிக் கடைக்காரியின் இருபத்தொன்று பை எட்டை (21/8) பார்த்து, இருபத்தொன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையே என்று அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. வரிசைப்படுத்தும்போது உண்மைத் தேதிகள் மேலே நிற்கும், எழுத்துகள் எல்லாம் அடியில் போய் விழும். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு பேர் கொடுத்த அத்தனை பேரும் ஒரேயடியாகக் கீழே தள்ளப்பட்டிருந்தார்கள். இவர்களுடைய நாலு பை பதினொன்றோ (4/11) அழகாக ஏப்ரல் பதினொன்றாகிவிட்டது. நவம்பரில் பேர் கொடுத்தவர்கள் ஏப்ரலிலேயே கொடுத்ததாக ஆகி, முன்னால் இருந்தவர்களை எல்லாம் தாண்டி வந்து நின்றிருந்தார்கள்.

ஒன்பதாவது வரியில் அவர்களுடைய விண்ணப்ப எண். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடிப் பையில் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில், பெயிண்ட் வாசனைக்கு நடுவே, கணவரிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த பிரஷ்ஷை டப்பா மேல் குறுக்காக வைத்தார்.

“சரி. இப்ப என்னங்குற?”

“சொல்லணும்ங்க.”

“நாம ஏமாத்தினோமா? யார் கையையாவது பிடிச்சோமா, காலையாவது பிடிச்சோமா? மெஷின் பண்ணினது. வாயை மூடிட்டு இருந்தாலே போதும்.”

“தெரியாம இருந்திருந்தா சரிங்க. இப்பத் தெரிஞ்சுடுச்சே.”

“நீ ஏன் பாத்த?” என்றார் அவர்.

அவருடைய குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை போல இருந்தது. அவரே மறுபடி ஆரம்பித்தார். “அந்தப் புள்ள முறைச்சுட்டு இருந்துச்சு பாத்தியா... அது நம்ம புள்ளைம்மா. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“எனக்கும்தான்” என்றாள். “ஆறாவதா இருந்தவங்களுக்கும் அப்படித்தாங்க தெரிஞ்சிருக்கும், பாத்திருந்தா.”

அவர் எழுந்து பிரஷ்ஷைக் கழுவப் போனார். காலையில் அவள் கிளம்பும்போது பார்த்தால் அவரும் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். மையம் வரை கூடவே வந்தார். படி ஏற மட்டும் வரவில்லை. “நீ போய்ட்டு வா” என்று சொல்லிக் கீழேயே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அவள் சொன்னதை அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார். கணினியைக் கவனிக்கும் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எனக்கே நெருடிட்டு இருந்துச்சு மேடம். நாலு நாளா அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் பண்றேன், எடுக்க மாட்டேங்குறான்” என்றார். இடப்பக்கம் சாய்ந்த தேதிகளை அவள் காட்டியதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட ஆமா! பாத்தும் பாக்காம இருந்துட்டேனே.”

அதிகாரி அவளைப் பார்த்தார். “சரி பண்ணினா உங்க நம்பரும்...”

“தெரியும் மேடம்.”

“அந்தக் கோப்பு...”

“அதுவும் தெரியும்.”

குமாஸ்தாவுக்கு மூலக் கோப்பிலிருந்து தேதிகளை எப்படித் திரும்ப எடுப்பது என்று முழுசாகப் பிடிபடவில்லை. “கூட உக்காந்து சொல்றீங்களா?” என்று கேட்டார். உட்கார்ந்தாள். தேதிப் பத்தியை முதலில் வெறும் எழுத்தாகவே கொண்டுவரச் சொன்னாள். நாள், மாதம், வருடம் என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னாள். சரியான இடத்தில் பொருத்தி மறுபடி ஒரே தேதியாக்கச் சொன்னாள். எண்களில் குழப்பம் வரக்கூடாது என்று மாதத்தை எழுத்தில் காட்டும்படி வடிவத்தை மாற்றச் சொன்னாள். கட்டங்கள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்ந்து நின்றன. ஏப்ரல் பதினொன்று மறைந்து நவம்பர் நான்கு வந்தது.

“இப்ப வரிசைப்படுத்தலாமா?” என்றார் குமாஸ்தா.

“இருங்க. தேதியை மட்டும் தனியாப் பிடிக்காதீங்க, முழுசாப் பிடிங்க. இல்லேன்னா ஒருத்தர் தேதி இன்னொருத்தர் தலையில போய் உக்காந்துடும்.”

“ஆங். இப்ப?”

“இப்ப சரி. பழசு மேல.”

அழுத்தினார். திரை ஒரு முறை கண் சிமிட்டியது. ஒன்பதாவது வரியில் வேறு யாருடைய எண்ணோ இருந்தது. தன் எண்ணைத் தேடி அவள் கீழே கீழே போனாள். தன் முகம் குமாஸ்தாவுக்குத் தெரியக்கூடாது என்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கிளம்பும்போது வாசலருகே நின்று கேட்டாள்: “மேடம், அந்தப் பாப்பா...?”

அதிகாரி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். “இனிமே அதைப் பத்தி நான் உங்ககிட்ட பேசக் கூடாதும்மா” என்றார்.

கீழே சைக்கிள் ஸ்டாண்டில் கணவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்துக் குத்திக்காட்டியதில்லை. அறைக்கு அடித்த பெயிண்ட் பாதியில் நின்றது. அப்படியே விட்டுவிடவும் மனசு வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சேர்ந்து அடித்து முடித்தார்கள். ஒருமுறை துணிக்கடையில் அவரைக் காணோமே என்று தேடிப்போனால், குழந்தைகள் பகுதியில் நின்று சாக்ஸ் ஜோடி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தூண் மறைவில் நின்றுவிட்டாள். அவர் அதை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, சட்டைப் பகுதிக்கு வந்த பிறகுதான், “இங்கதான் இருக்கீங்களா?” என்று அப்போதுதான் வந்தவள் போலக் கேட்டாள்.

அந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஆனால் அவள் மனசுக்குள் அது வளர்ந்துகொண்டே இருந்தது. இப்போது ஓடும், இப்போது பேசும், இப்போது பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பார்கள் என்று அதற்கு வயதேற்றிக்கொண்டே போனாள். பஸ்ஸில், கடைத்தெருவில், புருவம் சுருக்கி முறைக்கும் எந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாலும் ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பாள். கூட வந்திருக்கும் தாயையும் பார்ப்பாள். நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைப்பாள். நினைத்து முடித்த பிறகும் நெஞ்சில் ஏதோ ஒரு இடம் ஆறாமலே இருக்கும்.

அவர்களுடைய முறை வந்தபோது, மையத்தில் காட்டியது ஐந்து வயதுப் பையனை. கைக்குழந்தைதான் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகமாம். பெரிய பையன் என்று பலர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். கணவர் படத்தைக் கூடப் பார்க்காமல், “எப்ப வந்து கூட்டிட்டுப் போகலாம்?” என்று கேட்டார்.

பையன் வந்தான். அக்கா துடைத்துக் கொண்டுவந்த தொட்டிலுக்கு வேலையில்லாமல் போயிற்று, கட்டில் வாங்கினார்கள். நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். சொன்ன பேச்சைக் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விருந்தாளி போல, எதைத் தொடுவதற்கு முன்னாலும் அனுமதி கேட்டான். கணவரிடம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டான். பல் செட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது பேசுவதுபோல் அவர் ஆட்டிக் காட்டியதில் அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவளை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. குளியலறையிலிருந்து, “யாராவது துண்டு குடுக்குறீங்களா?” என்று குரல் வரும். வீட்டில் அவள் ஒருத்திதான் இருப்பாள். “இதோ, யாராவது வந்துட்டேன்” என்று சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காது எப்போதும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. கேட்டு வாங்கக்கூடாது என்று மட்டும் வைராக்கியமாக இருந்தாள்.

மாதங்கள் போயின. ஒரு மாலை, விளையாடிவிட்டு வந்தவன் மண்ணும் சகதியுமாகக் கட்டில்மேல் ஏறிவிட்டான். அதுவரை அவனைக் கடிந்து ஒரு சொல் சொல்லாதவள், அலுவலகத்தில் மாத முடிவு வேலை செய்து களைத்து வந்திருந்ததாலோ என்னவோ, “டேய், கை கால் கழுவாம மேல ஏறினா பிச்சுப்புடுவேன்! இறங்குடா!” என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டாள். அதட்டிய வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பையன் இறங்கிக் கூடத்துக்கு ஓடினான். அவள் சமையலறைக்குள் போய், போச்சு, இத்தனை நாள் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதெல்லாம் போச்சு என்று நின்றாள்.

கூடத்தில் அவன் குரல் கேட்டது.

“அப்பா, அம்மா திட்டுறாங்க.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பேப்பர் மடிக்கும் சத்தம். கணவரும் காதில் வாங்கிவிட்டார் என்று தெரிந்தது. இன்னொரு முறை வரவழைக்கத்தான், ஒன்றும் புரியாதவர் மாதிரி கேட்டார்: “யாருடா திட்டுறது?”

பையன் யோசித்தான். “அவங்கதான்” என்றான்.

வந்தது போய்விட்டது. அவள் அடுப்பைத் தணித்தாள். கதவோரம் வந்து பார்த்தாள். பையன் அழுக்குக் காலோடு அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் விருந்தாளியைக் காணோம். தப்புப் பண்ணிய வீட்டுப் பிள்ளைதான் இருந்தான்.

அவள் சட்டென்று உள்ளே வந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை வரவழைத்துக்கொண்டு, “இன்னும் கால் கழுவலையாடா நீ?” என்று முன்னைவிடச் சத்தமாகவே திட்டினாள்.